பில்டர் வீட்டுக்கு வீடு மாத்திக்கலாம்ங்கறார், சம்மதிக்கலாமா?

சகோதரி, உங்க கேள்விய ரெண்டு தடவை நிதானமா படிச்சேன். நான் புரிஞ்சுகிட்டது சரியான்னு பாத்துக்கங்க. குன்னூர்ல இருந்து கோத்தகிரி போற ரோட்டுக்கு கீழ, உங்க மாமனார் 1974ல கிரயம் வாங்கின 11 சென்ட் இடம், அதுல அவரே கட்டின ஓட்டு வீடு. பின்னாடி இருந்த டீ தோட்டத்த ஒரு பில்டர் வாங்கிட்டார். இப்ப அவர் வந்து, இந்த வீட்டை எனக்கு கொடுத்துடுங்க, ரெண்டு கிலோமீட்டர் தள்ளி நான் கட்டிட்டு இருக்கற 14 வில்லால ஒண்ணு எடுத்துக்கங்க, 4 சென்ட்ல 1450 சதுர அடி, மேல 15 லட்சம் கையில தரேன்ங்கறார். ஆனா முதல்ல உங்க வீட்டை அவர் பேர்ல கிரயம் பண்ணி காலி பண்ணி கொடுத்துடணும், வில்லா ஏப்ரல்ல முடியும், அதுவரைக்கும் மாசம் 12,000 வாடகை அவரே கட்டிடுவாராம். வில்லா விலை 1 கோடியே 10 லட்சம்னு சொல்றவர் உங்க வீட்டுக்கு என்ன விலை போட்டிருக்கார்னு மட்டும் சொல்ல மாட்டேங்கறார். இது லாபமா நஷ்டமான்னு கேட்டிருக்கீங்க. லாப நஷ்டம் அப்புறம் வருதுங்க. உங்க கேள்விக்கு உள்ள இருக்கற கேள்வி வேற: கையில இருக்கற வீட்டை இன்னைக்கே கொடுத்துட்டு, இன்னும் முடியாத ஒரு வீட்டுக்காக நம்பி காத்திருக்கலாமாங்கறது. அதுக்கு என் பதில் கூடாதுங்கறதுதான். மாத்திக்கறதே தப்புன்னு நான் சொல்லல, நல்லபடியா முடிஞ்ச மாத்தல்களும் பாத்திருக்கேன். இந்த வரிசைல மாத்தக்கூடாது, அவ்வளவுதான்.

நான் நீலகிரில 27 வருஷமா பத்திரம் எழுதறேன். கிரயம், செட்டில்மென்ட், விடுதலை, பாகப்பிரிவினை, பரிவர்த்தனை எல்லாம் எழுதிருக்கேன், சர்வேயர் கூட சங்கிலி பிடிச்சு எஸ்டேட் எஸ்டேட்டா ஏறி இறங்கின அனுபவமும் இருக்கு. நான் வக்கீலும் இல்ல ஆடிட்டரும் இல்ல, அதனால பத்திரம், ரெவின்யூ ரெக்கார்டு விஷயத்துல நான் சொல்றத அப்படியே எடுத்துக்கலாம், வரிக்கணக்க ஒரு ஆடிட்டர்கிட்ட காட்டிடுங்க, மண்ணு நிக்குமா நிக்காதாங்கறத அது படிச்ச ஆள்கிட்டதான் கேக்கணும்.

முதல்ல உங்க கேள்வில நடுவுல போற போக்குல ஒரு வரி எழுதிருந்தீங்க, எங்க கேட் வழியாதான் பின்னாடி தோட்டத்துக்கு ஜீப் போகும்னு. அந்த வரிலதான் நான் நின்னுட்டேன். பில்டர் உங்க ஓட்டு வீட்டுக்கு ஆசைப்பட்டு வரல, அந்த வழிக்காக வந்திருக்கார்னு நினைக்கிறேன். இது என் யூகம்தான், எஃப்எம்பிய (சர்வே நம்பருக்கு உண்டான அளவு வரைபடம்) பாக்காம உறுதியா சொல்ல முடியாது. ஆனா மலைல ஒரு தோட்டத்த வாங்கிட்டு லேஅவுட் போட நினைக்கறவனுக்கு முதல் தலைவலி ரோடுதான், அப்ரூவல்ல ரோடு அகலத்த பாப்பாங்க, ஜீப் போற ஒத்தையடி வழிய வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது. நீங்க பண்ண வேண்டிய முதல் வேலை, தாலுகா ஆபீஸ்லயோ ஈ-சேவைலயோ உங்க சர்வே நம்பருக்கு எஃப்எம்பி எடுங்க, மாமனாரோட 1974 மூலப் பத்திரத்துல செக்குபந்திய (நாலு பக்க எல்லை விவரம்) படிங்க. அந்த வழி போற பக்கத்து எல்லைல என்ன எழுதிருக்கு, பொது வண்டிப்பாதைன்னு இருக்கா, இல்ல வழியும் உங்க 11 சென்ட்டுக்குள்ளயே அடங்குதா? ரெண்டாவது மாதிரின்னா, அந்த வழி உங்க சொந்த மண்ணு, தோட்டத்துக்காரங்க இத்தனை வருஷம் ஓட்டிட்டு இருந்ததால அவங்களுக்கு ஒரு பாதை உரிமை வந்திருக்கலாம், ஆனா எஸ்டேட் ஜீப் போக இருந்த உரிமைய வெச்சு இருபதடி தார் ரோடு போட முடியுமாங்கறது பெரிய சண்டைக்குரிய விஷயம். அந்த சண்டை வேண்டாம்னுதான் அவர் உங்க வீட்டை மொத்தமா கேக்கறார்னு வெச்சுக்கங்க, அப்ப உங்க 11 சென்ட்டுக்கு அக்கம்பக்கத்து சென்ட் ரேட் விலையே இல்ல. பின்னாடி இருக்கற மொத்த தோட்டத்துக்கும் அது சாவி.

அப்படி இருந்தா, அவர் சொல்லாத மூணாவது ஒரு வழியும் இருக்கு. வீட்டை வெச்சுக்கிட்டு பாதைய மட்டும் கொடுக்கறது. இருபதடி அகலம், எண்பதடி நீளம்னு வெச்சுக்கிட்டா 1600 சதுர அடி, சென்ட் 435.6 சதுர அடி, ஆக மூணே முக்கால் சென்ட்டுக்கு கொஞ்சம் கம்மி. மீதி ஏழு சென்ட்டுக்கு மேல வீட்டோட உங்ககிட்டயே இருக்கும். ஆனா அதுல ஒரு ஆபத்தும் இருக்கு, சொல்லாம விட மாட்டேன்: ரோடு கொடுத்துட்டா நாளைக்கு உங்க வீட்டுக்கு பின்னாடி மேட்டுல வெட்டுவாங்க, அந்த வெட்டு உங்க பின்சுவருக்கு எவ்வளவு பக்கம்ங்கறத பாத்துதான் முடிவு பண்ணணும். நம்ம ஊர்ல மண்ண வெட்டறதுக்கும் ஜேசிபி இறக்கறதுக்கும் அனுமதி வேணும், அனுமதி காகிதத்த கேட்டு வாங்கி படிங்க.

அடுத்தது விலை. வில்லா 1 கோடியே 10 லட்சம்ங்கறது அவர் அவரோட பொருளுக்கு போட்ட விலை. அந்த ரேட்டுக்கு யாராவது நிஜமாவே வாங்கிருக்காங்களான்னு பாக்க, அந்த வில்லா இருக்கற சர்வே நம்பருக்கு ஈசி (வில்லங்கச் சான்று) போட்டு பாருங்க, ஏற்கனவே கிரயம் ஆன பத்திரம் இருந்தா நகல் எடுங்க, விலை தெரிஞ்சிடும் (பத்திரத்துல காட்டற விலை சில சமயம் நிஜ விலை இல்ல, அது தெரிஞ்சதுதான், ஆனாலும் ஒரு அடிமட்டம் கிடைக்கும்). அதவிட சுலபமா ஒண்ணு சொல்றேன். பில்டர்கிட்ட அமைதியா ஒரே கேள்வி கேளுங்க: வில்லா வேண்டாம், மொத்தமா பணமா கொடுத்தா எங்க வீட்டுக்கு எவ்வளவு தருவீங்க? 1 கோடியே 10 லட்சம் வில்லாவும் 15 லட்சமும் சேந்தா 1 கோடியே 25 லட்சம். அவர் பணமா 75 லட்சம்தான் தருவேன்னு சொன்னார்னா, வில்லாவோட நிஜ மதிப்பு அவர் மனசுல 60 லட்சம். இதுக்கு மேல எந்த வேல்யூவேஷனும் வேண்டாங்க. பதிலே சொல்லாம பேச்ச மாத்தினார்னா அதுவும் ஒரு பதில்தான். இன்னொண்ணு, நீங்க கொடுக்கறது 11 சென்ட் மண்ணு, வாங்கறது 4 சென்ட் மண்ணும் ஒரு கட்டடமும். கட்டடம் வருஷா வருஷம் தேயும், அதுவும் நம்ம ஊர் ஈரத்துல சுவர் எப்படி ஊறும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. மண்ணுதான் ஏறும். அந்த 4 சென்ட்டாவது உங்க பேர்ல தனிப் பட்டாவா வருமா, இல்ல பிரிக்கப்படாத பாகமா (மொத்த நிலத்துல இன்ன இடம்னு எல்லை குறிக்காத ஒரு பங்கு) எழுதறாங்களாங்கறத கேட்டுக்கங்க. வில்லான்னு பேர் வெச்சு பிரிக்கப்படாத பாகம் மட்டும் எழுதிக் கொடுக்கறதும் நடக்குது.

இப்ப எனக்கு ராத்திரி தூக்கம் வராத விஷயத்துக்கு வரேன், அது வரிசை. முதல்ல கிரயம், அப்புறம் வில்லா. ரொம்ப வருஷம் முன்னாடி, நான் இன்னொருத்தர்கிட்ட உதவியாளா இருந்த காலத்துல, கோத்தகிரி பக்கத்துல இருந்து ரிட்டயர்டு வாத்தியாரும் அவர் மனைவியும் வந்தாங்க. வீட்டை ஒரு பில்டருக்கு கொடுத்துட்டு கோயமுத்தூர்ல ரெண்டு ஃபிளாட் வாங்கிக்கறதா பேச்சு. பத்திரம் சாதாரண கிரயப் பத்திரம். அதுல வழக்கமா வர்ற வரி, "மேற்படி கிரயத் தொகை முழுவதையும் தங்களிடம் நாங்கள் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டு" அப்படின்னு. நான்தான் அத டைப் அடிச்சேன். ஒரு ரூபா கூட அவங்க கைக்கு வரல. ஃபிளாட் தர்ற விஷயம் தனியா ஒரு 20 ரூபா ஸ்டாம்ப் பேப்பர்ல, ரெஜிஸ்டர் பண்ணாம. வாத்தியார் கையெழுத்து போடறதுக்கு முன்னாடி அந்த வரியில விரல வெச்சு, தம்பி இப்படி எழுதலாமான்னு கேட்டார். எல்லா பத்திரத்துலயும் வர்ற வரிதாங்க சார்னு சொன்னேன். ரெண்டு மாசத்துக்குள்ள அந்த வீடு பேங்க்ல அடமானமாயிருச்சு, ஃபிளாட் ரெண்டாவது மாடி சிலாப்போட நின்னுருச்சு, பேங்க் ஏலத்துக்கு நோட்டீஸ் ஒட்டினப்ப அவங்க வாடகை வீட்ல இருந்தாங்க. கோர்ட்ல எதிர்தரப்பு காட்டினது நான் டைப் அடிச்ச அந்த ஒரு வரியத்தான். அன்னைல இருந்து, கைமாறாத பணத்த கைமாறினதா எழுதற பத்திரத்த நான் எழுதறதில்ல. உங்க பில்டரும் அப்படிப்பட்டவர்னு நான் சொல்லவே இல்ல, எனக்கு அவர தெரியாது. அவர் நாணயமானவரா இருந்தாலும் அவரோட பேங்க் அவர மாதிரி இருக்கணும்னு இல்லயே.

அதனால என்ன பண்ணலாம்? இந்த மாதிரி மாத்தறதுக்குன்னே சட்டத்துல பரிவர்த்தனைன்னு ஒண்ணு இருக்கு, 1882ம் வருஷ சொத்து மாற்றச் சட்டத்துல 118, 119, 120 மூணு பிரிவு. ஒரே பத்திரத்துல ஏ ஷெட்யூல் (சொத்து விவரம்) உங்க வீடு, பி ஷெட்யூல் அவர் வில்லா, நடுவுல வித்தியாசப் பணம் 15 லட்சம் எந்த பேங்க் டிடில வந்ததுங்கறது வரைக்கும் எழுதி, ரெண்டு பேரும் ஒரே நாள்ல, ஒரே மேசைல கையெழுத்து. உங்க சொத்து போற அதே நிமிஷத்துல அவர் சொத்து உங்களுக்கு வந்துடும். 120ம் பிரிவு என்ன சொல்லுதுன்னா, கொடுக்கற சொத்துக்கு நீங்க விக்கறவர், வாங்கற சொத்துக்கு நீங்க வாங்கறவர், ரெண்டு பக்க உரிமையும் கடமையும் உண்டு. அதாவது வில்லாவுக்கு மூலப் பத்திரம் பாக்கறது, வில்லங்கம் பாக்கறது எல்லாம் காசு கொடுத்து வாங்கற மாதிரியேதான் பாக்கணும், மாத்திக்கறோம்தானேன்னு விட்டுடக்கூடாது. 119 இன்னும் முக்கியம். நாளைக்கு வில்லாவோட உரிமைல கோளாறு வந்து அது உங்க கைய விட்டு போச்சுன்னா, நஷ்டத்த கேக்கலாம், இல்ல உங்க பழைய வீட்டையே திருப்பி கேக்கலாம், ஆனா அது இன்னும் அவர்கிட்டயோ அவர் வாரிசுகிட்டயோ, இல்ல அவர் சும்மா எழுதிக் கொடுத்தவங்ககிட்டயோ இருந்தாதான். காசுக்கு வித்துட்டார்னா வீடு திரும்பாது, நஷ்டஈடு மட்டும்தான். பில்டர் வாங்கறதே விக்கறதுக்குத்தானே, அதனால இந்த பிரிவ நம்பி தூங்க முடியாது, முன்னாடியே பாத்துக்கறதுதான் பாதுகாப்பு.

செலவும் பரிவர்த்தனைல கம்மி. தமிழ்நாட்டுல ரெண்டு சொத்துல எது மதிப்பு அதிகமோ அதுக்கு மட்டும்தான் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். உதாரணத்துக்கு உங்க வீடு 60 லட்சம், வில்லா 80 லட்சம்னு வந்தா, 80க்கு 9 சதவீதம் 7 லட்சத்து 20 ஆயிரம். இதையே ரெண்டு தனித்தனி கிரயமா போட்டா 140 லட்சத்துக்கு 9 சதவீதம், 12 லட்சத்து 60 ஆயிரம். அவர் ரெண்டு கிரயம்தான் வேணும்னு அடம்பிடிச்சா கூடுதல் செலவு யாருதுன்னு கேளுங்க. வேற எதுவும் பேசிக்கலன்னா பரிவர்த்தனை பத்திரத்துக்கு முத்திரைச் செலவு ரெண்டு பேருக்கும் சரிபாதின்னு முத்திரைச் சட்டத்துலயே இருக்கு, ஆனா தேடி வந்தவர் அவர், அதனால முழுசா அவரே கட்டட்டும்னு தைரியமா கேக்கலாம்.

முடியாத வில்லாவ எப்படி பரிவர்த்தனை பண்றதுன்னு கேப்பீங்க. முடிஞ்சப்புறம் பண்ணுங்க, இதுதான் நல்ல பதில். இப்போதைக்கு ஒரு ஒப்பந்தம் மட்டும் போடுங்க, அதையும் ரெஜிஸ்டர் பண்ணுங்க, நம்ம மாநிலத்துல 2012 டிசம்பர்ல இருந்து விற்பனை ஒப்பந்தத்த பதிவு பண்றது கட்டாயம், இருபது ரூபா பேப்பர் கதையெல்லாம் இனி வேண்டாம். அதுல உங்க வீட்டுக்கு ஒரு ரூபா மதிப்பு கண்டிப்பா எழுதணும். ஏன்னா வில்லா தாமதமாச்சுன்னா ரெரா சட்டப்படி (வீடு கட்டி விக்கறவங்கள ஒழுங்குபடுத்தற சட்டம்) கொடுத்த பணத்துக்கு வட்டி கேக்கலாம், ஆனா நீங்க கொடுத்தது பணமில்ல, வீடு, அதுக்கு ஒரு தொகை எழுதலன்னா எதுக்கு வட்டி கணக்கு போடறது? 14 வில்லா, ஒரு ஏக்கர்ங்கறீங்க, 500 சதுர மீட்டரையும் 8 வீட்டையும் தாண்டிருச்சு, அப்ப ரெரா பதிவு கட்டாயம், நம்பர வாங்கி வெப்சைட்ல போட்டு பாருங்க, முடிக்கறேன்னு அவர் அங்க கொடுத்திருக்கற தேதி ஏப்ரல்தானான்னும் பாருங்க. உங்ககிட்ட ஒரு தேதியும் அங்க ஒரு தேதியும் சொல்லிருந்தா, நான் அங்க இருக்கறதத்தான் நம்புவேன். சாவி, குடியிருப்பு, பொது அதிகாரப் பத்திரம் மூணையும் ஒப்பந்தத்தோட கொடுத்துடாதீங்க. பவர் மட்டும் போதும் அம்மா, அப்ரூவலுக்குத்தான்னு கேப்பாங்க. அப்ரூவலுக்குன்னா அப்ரூவலுக்கு மட்டும்னு எழுதின பவர் போதும், விக்கறதுக்கும் அடமானம் வெக்கறதுக்கும் அதுல வார்த்தையே வரக்கூடாது. வில்லா நிலம் பேங்க்ல அடமானத்துல இருக்கான்னு ஈசிலயே தெரியும், மூலப் பத்திரத்த ஒப்படைச்சு கடன் வாங்கினதயும் இங்க பதிவு பண்றாங்க. இருந்தா தப்பில்ல, எல்லா பில்டரும் கடன் வாங்கறவங்கதான், ஆனா உங்க வில்லாவ மட்டும் விடுவிச்சு பேங்க் கொடுக்கற கடிதம் பத்திரத்தன்னைக்கு மேசை மேல இருக்கணும். பணி நிறைவுச் சான்று வந்தப்புறம் மாத்தினா இன்னொரு நன்மை, கட்டிட்டு இருக்கற வீட்டுக்கு கேக்கற ஜிஎஸ்டி முடிஞ்ச வீட்டுக்கு கிடையாது.

இதுவரைக்கும் சொன்னது சமவெளிக்கும் பொருந்தும். மலைக்குன்னு தனியா சிலது இருக்கு. வில்லா நிலம் முன்னாடி டீ தோட்டமா? அது தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் 1949ல அறிவிக்கப்பட்ட நிலமா இருந்தா, கலெக்டர் தலைமைல இருக்கற கமிட்டி அனுமதி இல்லாம விக்கவே முடியாது, பரிவர்த்தனையும் அதுல அடங்கும். நிபந்தனைப் பட்டாவா, அரசு ஒப்படை நிலமான்னு பழைய ஏ ரெஜிஸ்டர்ல (சர்வே நம்பர் வாரியா நிலத்தோட வகை எழுதின ரெவின்யூ பதிவேடு) பாக்கணும். பில்டர் வில்லாவுக்கு பதிலா கூடலூர், பந்தலூர் பக்கம் இடம் தரேன்னு சொன்னா, செக்ஷன் 17 நிலமான்னு (பழைய ஜென்மி எஸ்டேட்ல தோட்டத்துக்கு குத்தகை விட்ட, உரிமை இன்னும் தகராறுல இருக்கற நிலம்) கேக்காம பேச்சே வேண்டாம், 1969 ஜென்மம் ஒழிப்புச் சட்டத்துல இருந்து அங்க ஓடற வழக்குகள் இன்னும் தீரல. மசினகுடி பக்கம்னா யானை வழித்தடம், 2010 அரசாணை, அத 2020 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட்டும் சரின்னு சொல்லிடுச்சு, அங்க பணம் போட்டவங்க பலபேர் சீல் வெச்ச கதவ பாத்துட்டு நிக்கறாங்க. உங்க விஷயத்துல ரெண்டு கிலோமீட்டர் தள்ளிங்கறதால இந்த ரெண்டும் வராது, ஆனா இந்த மாதிரி பேச்சு நடக்கறப்ப பாதில இடத்த மாத்தி சொல்றது நடக்கும், அதுக்காக எழுதறேன். கட்டட உயரம் 7 மீட்டர தாண்டக்கூடாதுங்கற விதி நமக்கு உண்டு, சரிவுல நின்னு பாத்தா முன்னாடி ரெண்டு மாடி, பின்னாடி போய் பாத்தா மூணு மாடின்னு கட்டிருப்பாங்க, அப்ரூவ்டு பிளான கையில வெச்சுக்கிட்டு பின்பக்கம் இறங்கிப் போய் பாருங்க.

அப்புறம் மண்ணு. 2009 நவம்பர் மழைல கேத்தி, குன்னூர், ஊட்டி பக்கமெல்லாம் என்ன ஆச்சுன்னு உங்க வீட்லயே எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், நாப்பது பேருக்கு மேல போனாங்க. மாவட்ட நிர்வாகம் அபாயகரமான இடம்னு 283 இடத்த கணக்கெடுத்து வெச்சிருக்கு, வில்லா இருக்கற இடம் அதுல வருதான்னு ஆர்டிஓ (கோட்டாட்சியர்) ஆபீஸ்லயோ தாசில்தார் ஆபீஸ்லயோ எழுதிக் கேளுங்க. நான் மண்ணு படிச்சவன் இல்ல, ஆனா ஒரு வயசான சர்வேயர் எனக்கு சொல்லிக் கொடுத்தத சொல்றேன். இடத்துல நிக்கற சில்வர் ஓக் மரத்தோட அடிய பாரு, உச்சிய பாக்காத. அடியில அருவா மாதிரி வளைஞ்சு அப்புறம் நேரா போயிருந்தா, அந்த மண்ணு மெதுவா நகந்துகிட்டே இருக்குன்னு அர்த்தம், மரம் நிமிரப் பாத்துக்கிட்டே வளந்திருக்கு. ஒரு மரம் அப்படி இருந்தா விட்டுடலாம், ஒரு வரிசையே இருந்தா நான் அங்க வீடு வாங்க மாட்டேன். தடுப்புச் சுவர்ல தண்ணி வெளிய வர ஓட்டை விட்டிருக்காங்களா, விட்ட ஓட்டைல மழைக்கப்புறம் தண்ணி வருதா, வர்ற தண்ணி தெளிவா இருக்கா செம்மண் கரைஞ்சு வருதா, இத பாக்க வெயில் காலத்துல போகாதீங்க, ஐப்பசி கார்த்திகைல நாலு நாள் மழை பெஞ்ச மறுநாள் போங்க. வெட்டின மண்ண கீழ்ப்பக்கம் கொட்டி சமன் பண்ணி அதுமேல வீடு நிக்குதா, வெட்டின கெட்டி மண்ணு மேல நிக்குதாங்கறதயும் மேஸ்திரிகிட்ட கேளுங்க, பில்டர்கிட்ட இல்ல. 14 வில்லால உங்களுக்குன்னு ஒதுக்கினது எதுன்னு நம்பரோட ஒப்பந்தத்துல எழுதுங்க, இல்லன்னா கடைசில யாரும் எடுக்காத ஓரத்து வில்லா வந்து சேரும்.

தண்ணிக்கு என்ன ஏற்பாடுன்னு அவர் எழுத்துல கொடுக்கணும். நகராட்சி கனெக்‌ஷனா, ஊராட்சி தண்ணியா, லாரித் தண்ணியா? கோடைல குன்னூர்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா வரும்னு உங்களுக்கே தெரியும், போர் போட்டுக்கலாம்னு சொன்னா நீலகிரில நினைச்சபடி போர் போட முடியாதுன்னு சொல்லுங்க. உங்க பழைய வீட்டுக்கு ஊத்துத் தண்ணி வருதுன்னு எழுதிருந்தீங்களே, அதுக்கு அவர் கணக்குல விலையே இருக்காது.

வரிய பத்தி சுருக்கமா. பணம் கைக்கு வரலன்னாலும் மாத்திக்கறது வருமான வரி சட்டப்படி விற்பனை மாதிரிதான், லாபத்துக்கு கணக்கு வரும். குடியிருக்கற வீட்டை கொடுத்து இன்னொரு வீடு வாங்கினா விலக்கு உண்டு, முடிஞ்ச வீடுன்னா ரெண்டு வருஷம், கட்டற வீடுன்னா மூணு வருஷம்னு கெடு இருக்கு, வில்லா இழுத்துகிட்டே போனா அந்த கெடுவும் ஓடும். கையில வாங்கற 15 லட்சத்துக்கு அந்த விலக்கு தானா வராது. புது வீட்டை மூணு வருஷத்துக்குள்ள வித்தா கிடைச்ச விலக்கும் போயிடும். 1974ல வாங்கின இடம்ங்கறதால 2001 ஏப்ரல் 1 மதிப்ப எடுத்து கணக்கு போடணும், அந்த வேலைக்கு ஆடிட்டர்தான் சரி.

கடைசியா, நீங்க ரொம்ப தயங்கி எழுதின விஷயம், மாமியார் இந்த வீட்டை விட்டு வர மாட்டேங்கறாங்க, அவங்கள எப்படி சமாதானப்படுத்தறதுன்னு. மாமனார் உயில் எழுதாம தவறிட்டார்ங்கறீங்க. நீங்க இந்துக் குடும்பம்னா, அவர் சுயமா வாங்கின அந்த சொத்துல மாமியாருக்கு ஒரு பங்கு, உங்க வீட்டுக்காரருக்கு ஒரு பங்கு, நாத்தனார் ரெண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு பங்கு, நாலும் சமம். கல்யாணத்துக்கு நகை போட்டாச்சுங்கறதால நாத்தனார் பங்கு போயிடாது. பில்டர் உங்க வீட்டுக்காரர் கையெழுத்து போதும் மத்தவங்ககிட்ட அப்புறம் வாங்கிக்கலாம்னு சொல்லிருக்கார்னு எழுதிருந்தீங்க, போதாது. நாலு பேரும் பத்திரத்துல வரணும், இல்ல மத்த மூணு பேரும் முதல்ல விடுதலை (தங்க பங்க விட்டுக்கொடுக்கற பத்திரம்) எழுதிக் கொடுக்கணும். அப்படி எழுதிக் கொடுத்தா அவங்களுக்கு என்ன தரீங்கங்கறத இப்பவே உக்காந்து பேசிடுங்க, ஏன்னா வில்லாவ நாலா பிரிக்க முடியாது, அந்த 15 லட்சம் யாருக்குன்னு தெரியாம இறங்கினா அண்ணன் தங்கச்சி பேச்சுவார்த்தை நின்னுடும். மாமியார் சம்மதம் உபசாரத்துக்கு கேக்கற சம்மதம் இல்லங்க, அவங்க சொத்துக்காரங்க. அவங்க மாட்டேன்னா இந்த மாத்தல் நடக்காது, நடக்கவும் கூடாது.

அதனால சமாதானப்படுத்த வேண்டாம், கூட்டிட்டு போங்க. காலைல வெயில்ல பில்டர் காட்டறப்ப வேண்டாம், சாயங்காலம் நாலு மணிக்கு மேல மஞ்சு இறங்கினப்புறம், நீங்களும் அவங்களும் மட்டும். மெயின் ரோட்ல மினி பஸ் நிக்கற இடத்துல இருந்து வில்லா வாசல் வரைக்கும் அவங்க நடையில நடந்து பாக்கட்டும், எத்தனை படி, கைப்பிடி இருக்கா, வழில காட்டுமாடு நின்னா ஒதுங்க இடம் இருக்கா, ரேஷன் கடை எவ்வளவு தூரம். போய்ட்டு வந்து அவங்க என்ன சொன்னாங்கன்னு எழுதுங்க. எஃப்எம்பியும் மூலப் பத்திரத்தோட செக்குபந்தி பக்கமும் கிடைச்சா, பேரும் சர்வே நம்பரும் மறைச்சுட்டு இங்கயே போடுங்க, அந்த ஜீப் வழி யாருதுன்னு பாத்து சொல்றேன்.